நாலு மணி நேரம்தான்னு சொல்றாங்களே, அது எந்த நாலு மணி நேரம்?

ஆடி கடைசியில எங்க ஆத்தாவ சிங்கப்பூருக்கு ஏத்தி விடுற வேலை என் தலையில வந்துச்சு. தங்கச்சிக்கு அங்க பேறுகாலம், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கல, ஆத்தா போய்த்தான் ஆகணும். இதுக்கு முன்னாடி அவுக விமானமே ஏறுனதில்ல. பட்டாலையில வேட்டிய விரிச்சுப் போட்டு சீப்பு சீடை, மாவுருண்டை, மனகோலம்னு டின் டினா அடைச்சுக்கிட்டே இருந்தாக, நான் பக்கத்துல உக்காந்து கையில தூக்கிப் பிடிக்கிற தராசுல பெட்டிய எடை போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்ப கேட்டாக: "ஏம்ப்பா, சிங்கப்பூரு எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

போன்ல தட்டிப் பாத்தேன். திருச்சியில இருந்து சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர், நாலு மணி நேரம் சொச்சம்னு வந்துச்சு. அப்படியே வாசிச்சுக் காட்டினேன். ஆத்தாவுக்கு நம்பிக்கை வரல. "பல்லவன்ல பட்டணம் போறதுக்கே ஏழு மணி நேரம் ஆகுதே, அதுக்கு முன்னாடி சிங்கப்பூர் போயிருவனாக்கும்?" அப்புறம் டிக்கெட்ட வாங்கிப் பாத்தாக. கிளம்புறது 1.30, போய்ச் சேர்றது 8.10னு போட்டிருக்கு. "இதுல ஆறு நாப்பதுல்ல வருது, நீ நாலுங்குற?"

கேட்டது ரொம்ப சரியான கேள்வி. எனக்கே கோர்வையா பதில் சொல்ல வரல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சது, ரெண்டு ஊருக்கு நடுவுல "இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம்"னு நாம சொல்றமே அது ஒரு நம்பர் இல்ல, குறைஞ்சது அஞ்சாறு நம்பர் இருக்கு, ஒவ்வொருத்தரும் அதுல ஒண்ண எடுத்துச் சொல்லிட்டுப் போறாங்க. வீட்டுக்கு வீடு யாராச்சும் சிங்கப்பூர், மலேசியான்னு இருக்குற ஊரு நம்ம காரைக்குடி, வயசானவங்கள தனியா ஏத்தி விடுறது அடிக்கடி நடக்குது, அதனால இத விவரமா எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

மொதல்ல அந்த 2,980. அது எந்த விமானமும் பறந்து அளந்த தூரம் கிடையாது. பூமி உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்குற மிகக் குறைஞ்ச தூரம், பெருவட்டத் தூரம்னு சொல்லுவாங்க. இதுக்கு ஃபார்முலா எல்லாம் வேணாம், வீட்டுல பிள்ளைங்க படிக்கிற குளோப் இருந்தா போதும். என் மகனோட குளோப் 30 சென்டிமீட்டர் குறுக்களவு, அதுல பூக்கட்டுற நூல எடுத்து திருச்சி மேல ஒரு விரல், சிங்கப்பூர் மேல ஒரு விரல் வச்சு இழுத்துப் பிடிச்சேன். நூல் தொய்வில்லாம எந்த வழியா படுக்குதோ அதுதான் பெருவட்டம். அந்த நூல ஸ்கேல்ல வச்சா சரியா 7 சென்டிமீட்டர். பூமியோட சுத்தளவு சுமார் 40,000 கிலோமீட்டர், குளோப்போட சுத்தளவு 94 சென்டிமீட்டர், அப்ப ஒரு சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர், ஏழுக்குப் பெருக்கினா 2,975. போன் சொன்னதுக்கும் பூக்கட்டுற நூல் சொன்னதுக்கும் அஞ்சு கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆத்தாவ கூப்பிட்டுக் காமிச்சேன், அவுக நூலக் கையில வாங்கி திருப்பித் திருப்பி வச்சுப் பாத்தாக.

அந்த நூல் போற வழியச் சொல்றேன், நம்ம ஆளுகளுக்கு அது அர்த்தமுள்ள வழி. திருச்சியில கிளம்பி தென்கிழக்கா கோடியக்கரை பக்கமா கடல்ல இறங்குது, வங்காள விரிகுடாவ குறுக்க வெட்டி, நிக்கோபாருக்குத் தெக்க, சுமத்ராவோட வடக்கு முனை மேல ஏறி, மேடான் ஊருக்குப் பக்கத்துல போய், மலாக்கா ஜலசந்தியத் தாண்டி சிங்கப்பூர். மேடான்லயும் ஒரு காலத்துல செட்டியார் கடைங்க இருந்துச்சு. நம்ம ஐயாக்கள் கொண்டு விக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ணப் போன ஊர்கள்ல பாதி இந்த ஒத்த நூலுக்குப் பக்கத்துலயே கிடக்கு.

நிஜ விமானம் அச்சுப் பிசகாம இந்த நூல் மேலயே போகாது. வானத்துல பேர் வச்ச வழித்தடங்கள் இருக்கு, இந்தப் புள்ளியில இருந்து அந்தப் புள்ளிக்குன்னு, சென்னை கன்ட்ரோல்ல இருந்து அடுத்த நாட்டு கன்ட்ரோல் கையில ஒப்படைக்கிறதுக்கும் குறிச்ச இடம் இருக்கு. இடிமேகம் நின்னா சுத்திப் போகணும். சிங்கப்பூர் ஏர்போர்ட்டான சாங்கில இறங்குறதுக்கு வரிசை இருந்தா வானத்துலயே வட்டமடிச்சுக் காத்துக்கிடக்கணும். கிளம்புறப்ப காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு எதிராத்தான் ஓடி ஏறணும், அதனால சில நாள் மேற்க பாத்து ஏறி அப்புறம் கிழக்க திரும்பும். இதெல்லாம் சேந்து நிஜமா பறக்குற தூரம் 2,980ஐ விடக் கொஞ்சம் கூடத்தான் வரும், குறையாது.

இந்த நேர்கோட்டுத் தூரத்த வச்சுப் பாத்தா நம்ம ஊரப் பத்தி சில விஷயம் தெரிய வருது, எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. காரைக்குடியில இருந்து நேர்கோட்டுல சென்னை ஏர்போர்ட் சுமார் 360 கிலோமீட்டர். கொழும்புக்காரங்க இறங்குற கட்டுநாயக்க ஏர்போர்ட் சுமார் 345. ஆமா, நமக்குப் பட்டணத்த விட கொழும்பு பக்கம். இன்னொண்ணு, சென்னையில இருந்து டெல்லி 1,760 கிலோமீட்டர், சென்னையில இருந்து ரங்கூன் 1,770 கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர்தான் கூட. நம்ம வீடுகள்ல நிக்கிற தேக்குத் தூண் எல்லாம் பர்மா தேக்கு, ஏதோ கண்காணாத தேசத்துல இருந்து வந்ததா நெனச்சுக்கிட்டு இருக்கோம், ஆனா கடல் வழிய பாத்தவங்களுக்கு ரங்கூன் டெல்லி தூரம்தான். அந்தக் காலத்துல செட்டிநாட்டுல இருந்து ஒருத்தர் டெல்லிக்குப் போறது அபூர்வம், ரங்கூனுக்குப் போறது வீட்டுக்கு ஒருத்தர்.

அவுக போன நேரத்தையும் சொல்லணும். 1926ல கட்டின ரஜூலா கப்பல் மெட்ராஸ்ல கிளம்பி நாகப்பட்டினத்துல ஆளேத்தி பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இப்ப போர்ட் கிளாங்), சிங்கப்பூர்னு போகும், எங்க ஐயா நாகப்பட்டினத்துலதான் ஏறுனாக. நாகப்பட்டினம் பினாங்கு நேர்கோட்டுல 1,260 கடல் மைல் சுமார், அதாவது 2,330 கிலோமீட்டர். மணிக்கு 12 கடல் மைல் போற கப்பல்னு வச்சுக்கிட்டா 105 மணி நேரம், ஏறக்குறைய நாலரை நாள் கடல்லயே போயிரும். துறைமுகத்துக்குத் துறைமுகம் நின்னு சிங்கப்பூர் சேர ஒரு வாரத்துக்கு மேலயே ஆகும்னு சொல்லுவாக. அதுக்கு மேல அங்க போனா மூணு வருஷக் கணக்கு, கணக்கு முடிச்சுத்தான் ஊருக்குத் திரும்புறது. ஒரு வாரப் பயணம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவைங்கறதால அது யாருக்கும் பெருசா தெரியல போல. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப கப்பல் கிடைக்காதவங்க அரக்கான் பக்கமும் மணிப்பூர் பக்கமும் மலையேறி நடந்தே வந்தாக, அதே ரங்கூன், அதே ஊரு, மாசக் கணக்குல ஆச்சு, வராமலே போனவங்களும் உண்டு. தூரம் மாறல, வழி மூடிப் போச்சு.

இனி நேரத்துக்கு வருவோம். வலைத்தளங்கள் பெரும்பாலும் என்ன செய்யுதுன்னா பெருவட்டத் தூரத்த எடுத்து ஒரு சராசரி வேகத்தால வகுத்து, ஏறி இறங்க ஒரு அரை மணி நேரம் சேத்துச் சொல்லிருது. திருச்சி சிங்கப்பூர் ஓடுறது பெரும்பாலும் ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி நடுவுல ஒத்த நடைபாதை உள்ள விமானங்கதான், அதுங்க உயரத்துல போறப்ப மணிக்கு சுமார் 830 கிலோமீட்டர் போகும். 2,980ஐ 830ஆல வகுத்தா மூணு மணி 35 நிமிஷம் வருது. ஆனா ஏறுறப்பவும் இறங்குறப்பவும் அந்த வேகம் கிடையாது, அதுக்கு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் கூடும். அப்புறம் டிக்கெட்ல போடுற நேரம் பறக்குற நேரமே இல்ல, அத பிளாக் டைம்னு சொல்லுவாங்க, நின்ன இடத்துல இருந்து சக்கரம் நகர்ற நிமிஷம் தொடங்கி அங்க போய் நிக்கிற நிமிஷம் வரைக்கும். ரன்வேக்கு உருண்டு போறது, வரிசையில நிக்கிறது, சாங்கி மாதிரி பெரிய ஏர்போர்ட்ல இறங்குனப்புறம் பத்து நிமிஷம் தரையில ஓடுறது எல்லாம் அதுக்குள்ள அடக்கம். கம்பெனிக்காரங்க தாமதக் கணக்குல வரக்கூடாதுன்னு அதுல கொஞ்சம் தாராளமாவும் போட்டுக்குவாங்க. ஆக நாலு மணி பத்து நிமிஷம். "இருபது நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டோம்"னு யாராச்சும் சொன்னா பைலட் வேகமா ஓட்டினார்னு அர்த்தம் இல்ல, அந்தத் தாராளத்த அன்னைக்குச் செலவழிக்க வேண்டி வரலன்னு அர்த்தம்.

காத்துதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீட்டியே சொல்றேன். விமானம் தரையப் பாத்து ஓடல, காத்துக்குள்ள ஓடுது. காத்து மணிக்கு 80 கிலோமீட்டர்ல எதிர்த்து வந்தா 830ல போற விமானம் தரையக் கணக்குல 750 தான் போகும். பொதுவா எல்லாரும் சொல்லுவாங்க, கிழக்க போறப்ப சீக்கிரம் போகும், மேற்க வர்றப்ப நேரமாகும்னு. அது வடக்க, டெல்லி ஐரோப்பா அமெரிக்கா அட்சரேகைக்குச் சரி, அங்க உயரத்துல மேற்குல இருந்து கிழக்க ஓடுற ஜெட் காத்து இருக்கு. நம்ம ஊர் நெலவரம் வேற. தென்மேற்குப் பருவ காலத்துல, ஆனியில இருந்து புரட்டாசி வரைக்கும்னு வச்சுக்குங்க, நம்ம தலைக்கு மேல ரொம்ப உயரத்துல காத்து தலைகீழா கிழக்குல இருந்து மேற்க ஓடும். கீழ தென்மேற்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருக்கும், மேல அதுக்கு நேரெதிர். இந்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காத்தப் பத்தி 1958ல ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி உலகத்துக்கு விளக்கினவர் நம்ம இந்திய வானிலைத் துறையில இருந்த கோட்டீஸ்வரம். அந்தக் காத்தோட உச்ச வேகம் விமானம் போற உயரத்துக்கும் மேலதான், ஆனா அதோட விளிம்பு விமானத்தையும் தொடும். அதனால ஆடியில நம்ம ஆளுக சிங்கப்பூர் போறப்ப எதிர்காத்து, ஊருக்கு வர்றப்ப தள்ளுகாத்து. பத்துப் பதினஞ்சு நிமிஷ வித்தியாசம்தான் வரும்.

காத்து எவ்வளவு தூரம் கணக்க மாத்தும்ங்கறதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா டெல்லி சான்பிரான்சிஸ்கோ விமானத்த வழக்கமான அட்லாண்டிக் வழிய விட்டுட்டு பசிபிக் கடல் மேல கிழக்க ஓட்டிப் பாத்தாங்க. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புது வழி சுமார் 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். ஆனா பதினாலரை மணி நேரத்துல போய்ச் சேந்துருச்சு, பழைய வழிய விட ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் மிச்சம், முழுக்க முழுக்க ஜெட் காத்து பின்னாடி இருந்து தள்ளுனதால. தூரம் கூடுனா நேரம் கூடும்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்குறது தரையில ஓடுற வண்டிக்கு.

இப்ப ஆத்தா கேட்ட ஆறு நாப்பது. 1.30ல இருந்து 8.10 வரைக்கும் எண்ணுனா ஆறு மணி நாப்பது நிமிஷம் சரிதான், ஆனா 1.30 நம்ம கடிகாரம், 8.10 அவங்க கடிகாரம். சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. கழிச்சா நாலு பத்து. டிக்கெட்ல எப்பவுமே அந்தந்த ஊர் மணிதான் போடுவாங்க, இது தெரியாம பதறுறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

அந்த ரெண்டரைக்கும் ஒரு கதை இருக்கு. எங்க ஐயா கடைசி வரைக்கும் "சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி வித்தியாசம்"னுதான் சொல்லுவாக, நாங்க திருத்துனா கோவம் வரும். இப்ப பாத்தா அவுக சொன்னது அவுக காலத்துக்குச் சரி. 1981 வரைக்கும் சிங்கப்பூரும் மலாயாவும் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னாடி இருந்துச்சு, நாம அஞ்சரை, ஆக சரியா ரெண்டு மணி. 1982 பொறக்குறப்ப மலேசியா தன்னோட கிழக்குப் பக்கத்து மாநிலங்களோட ஒரே நேரம் வேணும்னு அரை மணி முன்னாடி தள்ளிருச்சு, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கிச்சு. ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்த மூணரை வருஷம் அந்த ஊர் கடிகாரமெல்லாம் டோக்கியோ மணியில ஓடுச்சு. சூரியனப் பாத்தா சிங்கப்பூர் இருக்குற தீர்க்கரேகைக்கு கிரீன்விச்சோட ஏழு மணிகூட முழுசா வராது, எட்டு வச்சிருக்காங்க, அதனாலதான் அங்க ஏழு மணி வாக்குலதான் விடியுது. ஆத்தா போன மொத வாரம் போன்ல சொன்னாக, "இங்க ஆறரைக்கும் இருட்டாவுல்ல இருக்கு, கோலம் போடவே தோணல"ன்னு.

கடிகாரத்த விட மோசமான பள்ளம் தேதி. திருச்சியில இருந்து கிழக்க போற விமானங்க நிறைய ராத்திரியிலதான் கிளம்புது. ஆத்தாவோட டிக்கெட்ல 12ம் தேதி 1.30னு இருந்துச்சு. அதுக்கு 11ம் தேதி ராத்திரி சாப்பாடு முடிச்சதும் வீட்டுல கிளம்பணும். எங்க பங்காளி வீட்டுல ஒரு பெரியவங்க தம்பதி, 12ம் தேதின்னு எழுதியிருக்குன்னு 12 ராத்திரி பத்து மணிக்கு ஏர்போர்ட்டுக்குப் போய் நின்னாக. விமானம் அன்னைக்கு விடியக்காலையிலயே போயிருச்சு. டிக்கெட் எடுத்துக் குடுத்த ஆளு ஒரு வார்த்தை "முதல் நாள் ராத்திரியே போகணும்"னு சொல்லியிருக்கலாம், சொல்லல. ரெண்டு பேரும் அந்த ராத்திரி ஏர்போர்ட் வாசல்ல பெட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தத அவங்க மகன் சொன்னப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாப் போச்சு, மறுநாளைக்குப் புது டிக்கெட் எடுத்துத்தான் போனாக. அதனால நான் ஆத்தாவுக்கு காலண்டர்ல 11ம் தேதி கட்டத்துல சிவப்பு மையில "ராத்திரி 8.30 கார்"னு எழுதி ஒட்டிட்டேன், 12ன்னு வீட்டுல யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்.

சரி, வாசலுக்கு வாசல் கணக்கு பாப்போம், நிஜப் பயணம் இதுதான். ராத்திரி எட்டரைக்கு காரைக்குடியில கார் ஏறுனோம். திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியா போனா ஏர்போர்ட் திருச்சி ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடியே புதுக்கோட்டை ரோட்டுலயே வந்துரும், அது நம்ம பக்கத்து ஆளுகளுக்கு ஒரு வசதி. பத்தே காலுக்கு இறங்கிட்டோம். வெளிநாட்டு விமானம்னா மூணு மணி நேரம் முன்னாடி இருக்கணும்னு சொல்றாங்க, பெட்டி போடுறது, இமிகிரேஷன், செக்யூரிட்டி, எல்லாத்துக்கும் வரிசை. 2024ல தொறந்த புது டெர்மினல் பெருசு, பழைய கட்டடத்துல பட்ட நெரிசல் இல்ல. ஒன்றரைக்கு விமானம். நம்ம மணிக்கு 5.40க்கு சிங்கப்பூர். அங்க இமிகிரேஷன், பெட்டி வர்றது எல்லாம் சேத்து ஒரு மணி நேரம், டாக்ஸி புடிச்சு தங்கச்சி வீட்டுக் கதவத் தட்டுறப்ப நம்ம மணி காலை ஏழரை. எட்டரைக்கும் ஏழரைக்கும் பதினோரு மணி நேரம். அதுல சக்கரம் தரைய விட்டு மேல இருந்தது நாலு மணி நேரத்துக்கும் கம்மி. மிச்ச ஏழு மணி நேரம் ரோட்டுலயும் வரிசையிலயும் நாற்காலியிலயும் போச்சு.

வயசானவங்களுக்கு அந்த ஏழு மணி நேரம்தான் கஷ்டம், பறக்குற நேரம் இல்ல. முட்டி வலி உள்ளவங்களுக்கு சக்கர நாற்காலி டிக்கெட் எடுக்குறப்பவே சொல்லி வைக்கணும், மாத்திரைய கைப்பையில வைக்கணும், எட்டரைக்கு வீட்டுல சாப்பிட்டவங்களுக்கு விடியக்காலையில பசிக்கும்னு யோசிக்கணும். சுகர் உள்ளவங்க மாத்திரை நேரத்த எந்த ஊர் மணிக்குப் போடுறதுன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. "நாலே மணி நேரம்தான், கண்ண மூடித் தொறந்தா சிங்கப்பூர்"னு சொல்லி ஏத்தி விட்டா அவங்க நாலு மணி நேரத்துக்கான மனசோடதான் போவாங்க. பதினோரு மணி நேரம்னு சொல்லி அனுப்புனா பதினோரு மணி நேரத்துக்குத் தயாரா போவாங்க. எங்க ஆத்தா அப்படித்தான் போனாக, ஒரு தூக்குல புளியோதரை, கழுத்துக்கு ஒரு சின்னத் தலகாணி.

நேரடி விமானம் இல்லாத ஊருன்னா கணக்கு இன்னும் மாறும். திருச்சியில இருந்து ரங்கூன் நேர்கோட்டுல 2,000 கிலோமீட்டர்தான், சிங்கப்பூர விட ஆயிரம் கம்மி. ஆனா கோலாலம்பூர் போய் மாறிப் போனா 2,690ம் அங்க இருந்து 1,690ம் சேத்து 4,380 பறக்கணும், நடுவுல காத்திருக்குற நேரம் வேற. ரங்கூன தாண்டித் தெக்க போய் மறுபடி வடக்க ஏறி வர்றோம். ஐயா காலத்துல மூணு நாலு நாள்ல நேரா போன ஊருக்கு இப்ப சுத்துவழி. வலைத்தளத்துல "திருச்சி ரங்கூன் 2,000 கி.மீ., மூணு மணி நேரம்"னு பாத்துட்டு யாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிரலாம்னு கிளம்பிராதீங்க, அந்த விமானம் கணக்குல மட்டும்தான் பறக்குது.

செட்டிநாட்டுலயே ஏர்போர்ட் வந்தா என்னன்னு அடிக்கடி பேச்சு வரும். இரண்டாம் உலகப் போர் காலத்துல போட்ட ரன்வே கால்நடைப் பண்ணைப் பக்கம் இன்னும் கிடக்கு, சின்ன வயசுல சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்திருக்கேன், கான்கிரீட் வெடிப்புல எல்லாம் புல்லு. அத சரி பண்ணா வர்றது காத்தாடி வச்ச சின்ன விமானமாத்தான் இருக்கும், சென்னைக்கு ஒரு மணி நேரம் சொச்சத்துல போயிரலாம், அது நல்லதுதான், வரட்டும். ஆனா சிங்கப்பூர் பயணத்துக்கு அது உதவாது, 2,950 கிலோமீட்டர் அதால ஒரே மூச்சுல பறக்க முடியாது. நமக்கு வேண்டியது திருச்சியில ரன்வே நீளம் கூடுறதும், பகல் நேர விமானம் ரெண்டு கூடுறதும்னுதான் நான் நெனக்கிறேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு அறுபது எழுபது வயசு ஆளுக பெட்டியத் தள்ளிக்கிட்டு நிக்கிறத அந்த ஹால்ல ஒரு தடவை பாத்தா யாருக்கும் அதுதான் தோணும்.

ஒரு மாசம் கழிச்சு ஆவணி கடைசியில ஆத்தா திரும்பி வந்தாக. அங்க ராத்திரி 9.40க்குக் கிளம்பி இங்க 11.20க்கு இறங்குறதா டிக்கெட்ல இருந்துச்சு. பேப்பர்ல ஒரு மணி நாப்பது நிமிஷம். அன்னைக்கு மேல கிழக்குக் காத்தும் தள்ளிவிட, விமானம் 11 மணிக்கே தரையத் தொட்டுருச்சு. வெளிய வந்தவுக மொதல்ல கைய நீட்டி வாட்ச்சக் காமிச்சாக, அதுல சரியா பதினொண்ணே முக்கா, நம்ம மணி. அங்க இருந்த ஒரு மாசமும் மாத்தவே இல்லையாம், பேத்திக்குப் பால் குடுக்குற நேரத்தக்கூட ரெண்டரை கூட்டிக் கூட்டியே சொல்லியிருக்காக. கார்ல ஏறுனதும் குளோப்ல நூல் வச்சுக் காமிச்சியே அந்த மேடான் ஊருல லைட்டெல்லாம் கீழ தெரிஞ்சதுப்பான்னாக. மேடானா இருக்கலாம், அந்த நேரத்துக்கு அங்கதான் இருந்திருக்கும். கீரனூர் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டாக, திருமயம் கோட்டை வந்தப்பகூட எழுப்பல.